திகதி இல்லாதவர்கள்

ரிஸ்மி அழைத்தபோது யசோதினி பாடசாலைக் காரியாலயத்தில் அடுத்த தவணைக்கான நேரசூசியை அச்சிட்டுக்கொண்டிருந்தாள். கட்டுகஸ்தோட்டை வீதியில் உள்ள பெண்கள் கிளினிக்கிலிருந்து பேசுவதாக அவன் சொன்னான். அங்கே ஓடும் பழைய மென்பொருளைப் புதிதாக எழுதிக் கொடுக்கும் வேலை அவனுக்குக் கிடைத்திருக்கிறது. பழையதன் முதல் வரியில் அவளுடைய பெயர் இருந்ததாம். ஒரு சின்னச் சந்தேகம், அரை மணித்தியாலம் போதும், வர முடியுமா என்று கேட்டான்.

அவளுக்கு இப்போது ஐம்பத்தொரு வயது. அந்த மென்பொருளை எழுதியபோது இருபத்து நான்கு. அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

யசோதினி ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு போட்டவர். உயர்தரப் பரீட்சை முடிந்ததும் கண்டி டவுனில் ஒரு மாடியறையில் நடந்த கம்பியூட்டர் வகுப்பில் அவளைச் சேர்த்துவிட்டார். ஆறு பேருக்கு ஒரு இயந்திரம், பச்சை எழுத்துத் திரை. கம்பியூட்டரோடு முதலில் சுழியமும் ஒன்றுமாகவே பேச வேண்டியிருந்தது என்றும், பிறகு குறுஞ்சொற்கள் வந்தன என்றும், அதற்குப் பிறகு விஞ்ஞானிகளுக்கு ஃபோர்ட்ரான், கந்தோர்க் கணக்குகளுக்கு கோபோல், படிக்கிறவர்களுக்கு பேசிக் என்று ஆளுக்கொரு மொழி உண்டானது என்றும் முதல் வாரத்தில் எழுதிக்கொண்டாள். அவள் படித்தது பேசிக். வரிகளுக்குப் பத்து, இருபது, முப்பது என்று இலக்கம் போட வேண்டும். அதன்பின் தகவல்களைச் சேர்த்து வைப்பதற்கென்றே இருந்த கிளிப்பரைப் படித்தாள். அந்த வருடங்களில் கண்டியில் கடை, கிளினிக், சங்கம் எதற்கு மென்பொருள் எழுதினாலும் பெரும்பாலும் கிளிப்பரில்தான் எழுதினார்கள்.

கிளினிக்கை ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்தியது. தோட்டங்களுக்கு வாகனத்தில் போய்ப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாசல் புற்றுநோய்ப் பரிசோதனை செய்வார்கள். பெயர், தோட்டம், பிறந்த திகதி, முடிவு எல்லாவற்றையும் கம்பியூட்டரில் பதிவார்கள். மாத முதல் திகதி ஒரு விசையை அழுத்தினால், முப்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதில் யாருக்கு மறுபடி பரிசோதிக்கும் காலம் வந்திருக்கிறதோ அவர்களுக்கெல்லாம் கடிதம் அச்சாகும். தாதிகள் அதை மடித்துத் தபாலில் போடுவார்கள். யசோதினி இதை மூன்று மாதத்தில் எழுதி முடித்தாள். அவளுடைய முதல் பெரிய வேலை அதுதான்.

அதற்குப் பிறகு அவள் விசுவல் பேசிக்குக்குப் போனாள். கல்யாணம் முடிந்து மகள் பிறந்த வருடங்களில் எல்லோரும் ஜாவா படித்தார்கள், அவள் படிக்கவில்லை. கடைசியில் ஒரு தனியார் பாடசாலையில் நேரசூசியும் புள்ளி அறிக்கையும் தயாரிக்கும் வேலையில் தங்கிவிட்டாள். கிளினிக்கில் அவள் எழுதியதோ இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் கீழே இருந்த இயந்திரங்கள்தான் மாறின. முதலில் டொஸ், பிறகு விண்டோஸ் தொண்ணூற்றெட்டு, பிறகு எக்ஸ்பி. அதற்கும் பிறகு வந்த இயந்திரங்களுக்கு இந்தப் பழைய பாஷை விளங்கவே இல்லை. யாரோ ஒருவர், டொஸ் போலவே நடித்துக் காட்டும் ஒரு மென்பொருளைப் போட்டு அதற்குள் இதை ஓட வைத்திருந்தார். இருபத்தேழு வருடமாக அது ஒருநாளும் நின்றதில்லை என்று கிளினிக்கில் சொல்லிக்கொள்வார்களாம்.

அன்று பின்னேரம் பாடசாலை விட்டதும் அவள் போனாள். ரிஸ்மி கெலிஓயாவைச் சேர்ந்தவன், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கிளினிக்கின் பின்னறையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கதிரையை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னான். பழைய பதிவுகளை எல்லாம் புதியதற்கு மாற்றிவிட்டான். புதியதை பைதன் மொழியில் எழுதியிருக்கிறான். கடிதம் அச்சிடச் சொன்னால் நாற்பத்தோராவது பெயரில் போய் நின்றுவிடுகிறது.

"அந்த ஆளுக்குப் பொறந்த தேதி இல்ல மிஸ்," என்றான். "இப்படி எரநூத்திப் பன்னெண்டு பேர் இரிக்கிறாங்க. இல்லாத தேதிய வெச்சி வயசு பாக்க ஏலாதுன்னு பைதன் நிண்டுருது. ஒங்கட ப்ரோகிராம் நிக்கல்லையே. இவங்கள என்ன செஞ்சிச்சி?"

அவள் தன்னுடைய வரிகளை வாசித்தாள். இன்றைய திகதியிலிருந்து பிறந்த திகதியைக் கழித்து முந்நூற்று அறுபத்தைந்தால் வகுக்கும் ஒரு வரி. வயது முப்பத்தைந்தை விடக் குறைவாகவோ அறுபதை விடக் கூடவோ இருந்தால் அடுத்த ஆளுக்குப் போ என்று இன்னொரு வரி. வாசித்து முடிப்பதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பழைய மென்பொருளைத் திறந்து, நாற்பத்தோராவது ஆளின் வயதைக் காட்டச் சொன்னாள்.

திரையில் 6742 என்று வந்தது.

ரிஸ்மிக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"தேதி இல்லன்னா கிளிப்பர் அதை சுழியம்னு எடுத்துக்கும்," என்றாள் யசோதினி. "அது நாள் எண்ண ஆரம்பிக்கிற காலத்தோட தொடக்கத்துல பொறந்தவங்க மாதிரி. அறுபதுக்கு மேல. அதனால விட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போயிருச்சு. இவங்களுக்குக் காயிதமே போகல."

"ஒருக்காவுமா?"

"ஒருக்காவும் இல்ல."

வெளியே பெண்கள் இலக்கச் சீட்டோடு வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒரு குழந்தை அழுதது. யசோதினி தன் கைகளைப் பார்த்தாள். அவை மேசை மேல் அசையாமல் கிடந்தன. இப்போது தனக்கு ஏதாவது நேர வேண்டும், நெஞ்சு அடைக்க வேண்டும், தலை சுற்ற வேண்டும் என்று நினைத்தாள். ஒன்றும் நேரவில்லை. அந்த எண் மட்டும் திரையில் இருந்தது.

இப்போதைய மொழிகள் இப்படித்தான், சந்தேகம் என்றால் நின்று கூச்சல் போடும், பழையவை போட்டது போட்டபடி ஓடும் என்று ரிஸ்மி அவளைச் சமாதானப்படுத்துவதுபோலச் சொன்னான்.

"அந்தக் காலத்துல நிக்காம ஓடுறதத்தான் நல்ல ப்ரோகிராம்னு சொல்லுவாங்க," என்றாள் அவள்.

திகதி ஏன் இல்லை என்பதும் அவளுக்கு ஞாபகம் வந்தது. முதலில் அவள் எழுதியது திகதி போடாமல் அடுத்த கட்டத்துக்குப் போகவே விடாது. கிளினிக்கைத் திறந்த இரண்டாவது வாரம், அப்போதிருந்த தாதி அவளைக் கூப்பிட்டு, தோட்டத்தில் பாதிப் பெண்களிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை, பிறந்த நாள் தெரியாது, இயந்திரம் மறியல் பண்ணுகிறது என்று முறையிட்டாள். யசோதினி அன்று மத்தியானமே அதைத் திருத்திக் கொடுத்தாள். திகதி தெரியாவிட்டால் வெறுமையாக விடலாம். திருத்த அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. கடிதம் அச்சிடும் பக்கத்தில் என்ன ஆகும் என்று அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இரண்டாயிரமாம் ஆண்டு வரப்போகிறது, கம்பியூட்டர்கள் எல்லாம் குழம்பப்போகின்றன என்று பத்திரிகைகளில் வந்தபோது, அவளை மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு கிழமை உட்கார்ந்து ஒவ்வொரு திகதியாகப் பரீட்சித்தாள். ஆயிரத்துத் தொளாயிரத்தில் பிறந்தவர், பெப்ரவரி இருபத்தொன்பதில் பிறந்தவர், இரண்டாயிரத்துப் பத்தில் மறுபரிசோதனைக்கு வரப்போகிறவர் என்று எல்லோரையும் போட்டுப் பார்த்தாள். திகதியே இல்லாத ஒருவரை அவள் போட்டுப் பார்க்கவில்லை. அவளுடைய அம்மாவுக்கே பிறந்த திகதி கிடையாது.

கிளினிக்கின் பொறுப்புத் தாதி சுபாஜினி சிஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரி, கண்டிக்கு வந்து பதினைந்து வருடம். ரிஸ்மி அவரிடம் விஷயத்தைச் சொன்னான். முடிந்ததும், இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் மறுபரிசோதனை வேண்டும் என்று எழுதப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டார். தெளிவாக நோய் தெரிந்தவர்களை அப்போதே நேரடியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். சந்தேகமாக இருந்தவர்களைத்தான் ஒரு வருடம் கழித்துக் கடிதம் போட்டுக் கூப்பிடுவார்கள்.

ரிஸ்மி தேடிப் பார்த்தான். பதினொரு பேர்.

"சரி. அந்தப் பதினொண்டையும் முதல்ல பாப்பம்," என்றார் சிஸ்டர். "மற்றாக்கள பிறகு ஒவ்வொண்டாப் பாப்பம்."

தானும் வருவதாக யசோதினி சொன்னாள். சிஸ்டர் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு வேன் புறப்படும் என்றார்.

அம்பிட்டியவில் வீட்டுக்குப் போய் அவள் சோறு ஆக்கினாள். பருப்பைக் கடைந்தாள். கணவர் ராஜலிங்கம் மாநகர சபையில் தண்ணீர்ப் பகுதியில் வேலை செய்பவர். சாப்பிடும்போது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள், பாடசாலையில் நடந்ததைச் சொல்வதைப் போலவே. வேணுமென்றா செய்தாய், இருபத்து நாலு வயதுப் பிள்ளை, பார்த்துச் சொல்ல மேலே ஒருத்தரும் இருக்கவில்லை என்றார் அவர். எல்லாம் சரிதான். அவள் தலையாட்டினாள். பருப்பில் உப்பே இல்லை என்று அவர் பிறகு சொன்னபோதுதான், தான் ஒரு கோப்பைச் சோற்றைச் சாப்பிட்டு முடித்திருப்பதும், அதில் எந்த ருசியும் தெரியாததும் அவளுக்கு உறைத்தது.

இடையிலிருந்த மூன்று நாளும் அப்படியே போயின. பாடசாலையில் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரே நேரத்தில் இரண்டு பாடம் விழுந்திருந்தது. அதைச் சரி செய்தாள். மகள் கொழும்பிலிருந்து கூப்பிட்டாள், பேசினாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருப்பதைப் போலத்தான் இருந்தது அந்தக் காத்திருப்பும்.

வெள்ளிக்கிழமை ஹேவாஹெட்டப் பக்கம் மழை. பதினொரு பெயரில் ஆறு அந்தப் பக்கத்துத் தோட்டங்கள். முதல் வீட்டில் இருந்த பெண்ணுக்கு எழுபது வயது, நன்றாக இருந்தாள். பெரியாஸ்பத்திரியில் வேறெதற்கோ போனபோது அதையும் பார்த்துவிட்டார்களாம். இரண்டாமவள் பிள்ளைகளோடு வத்தளைக்குப் போய்விட்டாள், பக்கத்து வீட்டில் தொலைபேசி இலக்கம் கொடுத்தார்கள். மூன்றாமவள் பெயர் பாலம்மா. அவளுக்கு அந்தப் பரிசோதனையே நினைவில்லை. நாளைக்கே வரட்டுமா என்று சிஸ்டரிடம் கேட்டாள்.

நான்காவது, அங்கம்மா. லயத்தின் கடைசிக் காம்பராவில் அவளுடைய மகள் கமலம் இருந்தாள். நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்து வயது இருக்கும். மழைக்கு, கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து சீக்கிரமாக இறங்கி வந்து ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அம்மா இல்லை, இரண்டாயிரத்து ஆறிலேயே போய்விட்டார் என்றாள். என்ன வருத்தம் என்று சிஸ்டர் கேட்டார். கர்ப்பப்பையில் புற்று, கண்டுபிடிக்கும்போது ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள் என்றாள் கமலம். சொல்லிக்கொண்டே அவர்களுக்குப் பிளேன்டீ ஊற்றி வைத்தாள்.

சிஸ்டர் கோப்பைத் திறந்து, தொண்ணூற்றொன்பது ஒக்டோபரில் தோட்டத்துக்கு வாகனம் வந்து பரிசோதனை செய்தது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்.

"எனக்கு ஞாபகம் இருக்கு," என்றாள் கமலம். "ஒரு வருசம் கழிச்சுக் காயிதம் வரும், வந்தா வாங்கன்னு சொல்லிவிட்டாங்க. அம்மா தோட்டத்து ஆபிசுல போய்ப் போய்க் கேக்கும். வரல. அப்புறம் அதுவே சொல்லுச்சு, வரலைன்னா ஒன்னும் இல்லன்னுதானே அர்த்தம்னு. சந்தோசமாத்தான் இருந்துச்சு."

தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. சிஸ்டர், கிளினிக்கில் ஒரு பிழை நடந்திருக்கிறது என்று ஆரம்பித்தார். யசோதினி அவருடைய கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"அந்தக் காயிதத்த அனுப்ப வேண்டியது ஒரு கம்பியூட்டர்," என்றாள். "அத எழுதினது நான். பொறந்த தேதி இல்லாதவங்கள அது விட்டுட்டுப் போயிருச்சு. ஒங்க அம்மாவுக்குக் காயிதம் போயிருக்கணும். போகாதது என்னோட பிழை."

கமலம் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சேலை, கைக்கடிகாரம், மடியில் இருந்த கைப்பை எல்லாவற்றையும் பார்த்தாள்.

"நீங்க எந்த ஊரு?"

"கண்டி. பொறந்தது ஹந்தானையில."

"தோட்டத்துலயா?"

"லயத்துலதான்."

"அப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே," என்றாள் கமலம். "நம்ம ஆளுகளுக்கு ஏது தேதி."

குரலில் கோபம் இருந்ததாகச் சொல்ல முடியாது. தேநீர் ஆறிப்போயிருந்தது, யசோதினி அதைக் குடித்து முடித்தாள். சிஸ்டர், கமலத்துக்கும் வயது வந்திருப்பதால் அவளும் ஒருமுறை வந்து பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, கிளினிக்கின் இலக்கத்தை எழுதிக் கொடுத்தார். கமலம் அந்தத் துண்டை வாங்கிச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகினாள்.

வேன் இறங்கி வரும்போது சிஸ்டர், நீங்கள் அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை என்றார். பிறகு கொஞ்ச தூரம் போனதும், சொன்னது நல்லதுதான் என்றார். யசோதினி கண்ணாடியில் வழிந்த நீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஏதோ ஒரு பாகம் கழன்று விழுந்து சத்தமில்லாமல் கிடப்பதுபோல இருந்தது. வலிக்கவில்லை.

அடுத்த மூன்று வாரத்தில் பதினொரு பேருடைய நிலவரமும் ஓரளவுக்குத் தெரிந்தது. நான்கு பேர் வேறெங்கோ பரிசோதித்து நலமாக இருந்தார்கள். மூன்று பேர் கிளினிக்குக்கு வந்தார்கள். பாலம்மாவுக்கு மட்டும் மேற்கொண்டு பார்க்க வேண்டியிருந்ததால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், ஆரம்ப நிலைதான், தப்பித்துக்கொண்டாள். அங்கம்மாவோடு சேர்த்து இறந்தவர்கள் இரண்டு பேர், மற்றவள் இறந்தது மாரடைப்பில். இன்னும் இரண்டு பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

ஸ்தாபனத்தின் பெரியவர்கள் கூடி, குடும்பங்களுக்கு எழுத்தில் அறிவிப்பது என்று முடிவு செய்தார்கள். 'பழைய மென்பொருளில் இருந்த தொழில்நுட்பக் குறைபாடு' என்று வரைவில் எழுதியிருந்தது. தன் பெயரைப் போடும்படி யசோதினி கேட்டாள். பெயரைப் போட்டு என்ன ஆகப்போகிறது என்று அவர்கள் போடவில்லை. ஆனால் சிஸ்டர் அந்த வசனத்தை அடித்துவிட்டு, 'பிறந்த திகதி தெரியாதவர்களுக்கு நாங்கள் கடிதம் அனுப்பத் தவறிவிட்டோம்' என்று எழுதினார்.

யசோதினி சனிக்கிழமைகளில் கிளினிக்குக்குப் போகத் தொடங்கினாள். மிச்சமிருந்த இருநூற்றொரு பேருடைய தோட்டம், உறவு, தொலைபேசி என்று தேடி எழுதும் வேலை. சம்பளம் கிடையாது. அவளும் கேட்கவில்லை. ரிஸ்மி தன் வேலையை முடிக்கும் தறுவாயில் இருந்தான். திகதி இல்லாதவர்களைப் புதியதில் என்ன செய்வது என்று ஒரு சனிக்கிழமை கேட்டான். உத்தேசமான வயது ஒன்றைப் போடலாம், அல்லது தனிப் பட்டியலாகப் பிரிக்கலாம் என்றான்.

"வயசு தெரியலைன்னா எல்லாக் காயிதமும் போகட்டும்," என்றாள் அவள். "முடிவு நல்லதா இருந்தாலும் ஒரு காயிதம் போகட்டும். ஒன்னும் வராம யாரும் இருக்கக்கூடாது."

அதற்கு எத்தனை வரி வேண்டும் என்று கேட்டாள். ஐந்தாறு வரி என்று அவன் சொல்லிவிட்டு, மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான். பைதன் அவளுக்குத் தெரியாது. ஆனாலும் வாசிக்க முடிந்தது. கிட்டத்தட்ட இங்கிலீசுதான், அடைப்புக்குறிகள் குறைவு, எந்த வரி எதற்குள் அடங்குகிறது என்பதை உள்ளே தள்ளி எழுதிக் காட்டுகிறார்கள். அவள் மெதுவாக எழுதினாள். ஒரு இடத்தில் இடைவெளி பிழைத்தது, இயந்திரம் உடனே நின்று, எந்த வரி என்று சொன்னது. திருத்தினாள். ஓடியது. அச்சுப்பொறியிலிருந்து நாற்பத்தோராவது ஆளின் கடிதம் வெளியே வந்தது. அந்தப் பெண் மாத்தளைப் பக்கம் இருந்தாள், உயிரோடு இருந்தாள். ரிஸ்மி கடிதத்தை எடுத்து யசோதினியிடம் கொடுத்தான். அவள் வாசித்துவிட்டு மடித்து உறையில் போட்டாள். நிம்மதியாக இருக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை கமலம் வந்தாள். கூடவே அதே லயத்திலிருந்து இன்னும் இரண்டு பெண்கள். யசோதினி பதிவு மேசையில் இருந்தாள். கமலத்துக்கு அவளைத் தெரிந்தது, ஆனால் வேறு யாரிடமும் பேசுவதைப் போலவே பேசினாள். பெயர், தோட்டம், அடையாள அட்டை. அட்டையில் திகதி இருந்தது. அது பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்டது, சரியா தெரியாது என்றாள். யசோதினி அதையே பதிந்தாள்.

பரிசோதனை முடியும்போது பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. மூன்று பேரும் வாங்கில் உட்கார்ந்து, கொண்டுவந்த ரொட்டியைச் சாப்பிட்டார்கள். யசோதினி கேத்தலில் சுடுதண்ணீர் கொண்டுபோய்த் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். மற்ற இரண்டு பேரும் வாங்கிக்கொண்டார்கள். கமலம் கொஞ்சம் தாமதித்துத்தான் வாங்கினாள். பிறகு ரொட்டிப் பொதியை யசோதினி பக்கம் நீட்டி, எடுங்க என்றாள். அவள் பாதி பிய்த்து எடுத்தாள். தேங்காய் ரொட்டி, உள்ளே பச்சை மிளகாய் நிறைய இருந்தது. நாக்கு எரிந்தது.

"காரமா?"

"ம்."

"அம்மா போடுறத விடக் கம்மிதான்," என்றாள் கமலம்.

யசோதினிக்குக் கண்ணில் நீர் வந்தது. மிளகாயினாலா என்று யாரும் கேட்கவில்லை. அவள் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு மிச்ச ரொட்டியையும் சாப்பிட்டாள். டவுனில் ஹேவாஹெட்ட பஸ் இரண்டு மணிக்கு என்று கமலம் சொன்னாள். மூன்று பேரும் குடைகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். பஸ் நிலையம் வரை வருகிறேன் என்று யசோதினி எழுந்தபோது, வேண்டாம், நாங்க போய்க்கிருவோம் என்றாள் கமலம்.

அவர்கள் வாசலைத் தாண்டி வீதியில் இறங்கினார்கள். யசோதினி திரும்பி வந்து, மேசையில் இருந்த அடுத்த படிவத்தை எடுத்தாள்.